பக்கவாதம்: மூலிகைகளால் மூளையைக் காப்பாற்ற முடியுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

பக்கவாதம் வந்த ஒருவரை நலம் விசாரிக்க வருபவர்களில் யாராவது ஒருவர் ஒரு மூலிகையின் பெயரைச் சொல்லாமல் போவதில்லை. "வல்லாரைச் சாறு கொடுங்க", "மஞ்சளும் மிளகும் சேர்த்துக் கொடுங்க", "அந்த ஊர்ல ஒரு வைத்தியர் இருக்காராம், பச்சிலையிலேயே எழுந்து நடக்க வெச்சிடுவாராம்" என்று யோசனைகள் வரிசையாக வரும். கூடவே, மூளைச் செல்களை மீட்கும் மூலிகையை விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் வந்து சேரும்.

அந்தச் செய்தி முழுப் பொய்யாகவும் இருக்காது. தாவரங்களில் இருந்து பிரித்தெடுத்த வேதிப்பொருட்கள் பக்கவாதத்துக்குப் பிறகு மூளையைக் காக்குமா என்று ஆய்வகங்களில் பல ஆண்டுகளாகச் சோதித்து வருகிறார்கள். செலரி விதையில் கண்டறிந்த ஒரு பொருள் 2002-ம் ஆண்டு முதல் சீனாவில் பக்கவாத மருந்தாகவே பயன்படுகிறது. ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதனைகளும் நடந்திருக்கின்றன. சில ஜெயித்தன, சில தோற்றன. எது ஜெயித்தது, எந்தச் சூழலில் ஜெயித்தது என்பதுதான் அந்த வாட்ஸ்அப் செய்திகளில் விடுபட்டுப் போகிறது.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

பக்கவாதம் இரண்டு வகை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது ஒன்று. பெரும்பாலானவர்களுக்கு வருவது இதுதான். ரத்தக்குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிவது இன்னொன்று. வெளியே தெரியும் அறிகுறிகள் இரண்டிலும் ஒன்றே: முகம் கோணும், ஒரு பக்கக் கை கால் தளரும், பேச்சு குழறும்.

பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் அழிகின்றன என்று 2006-ல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. அடைப்புக்கு நேர் பின்னால் இருக்கும் பகுதி சில நிமிடங்களில் செத்துவிடும். அதைச் சுற்றியுள்ள பகுதி உடனே சாவதில்லை. பக்கத்துக் குழாய்களில் இருந்து கொஞ்சம் ரத்தம் கிடைப்பதால், வேலை செய்யாமல் ஆனால் உயிரோடு சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். இதை 'பெனம்ப்ரா' என்கிறார்கள். நோயாளியைக் காப்பாற்றுவது என்றால் இந்தப் பகுதியைக் காப்பாற்றுவது என்றுதான் அர்த்தம்.

இங்கே செல்கள் சாவதற்கு ஆக்சிஜன் இல்லாதது மட்டுமே காரணமல்ல. பட்டினியில் இருக்கும் செல்கள் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளைக் கொட்டித் தீர்க்கும். அதனால் பக்கத்துச் செல்களுக்குள் கால்சியம் வெள்ளம்போல் புகும். செல்லின் மின் நிலையமான மைட்டோகாண்ட்ரியா பழுதாகும். ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகும், வீக்கம் வரும். அடைப்பை நீக்கி ரத்தம் திரும்பப் பாயும்போதும் இதே சேதம் ஒரு சுற்று நடக்கும்.

அடைப்பை நீக்குவதற்கு ஏற்கெனவே வழி இருக்கிறது. நான்கரை மணி நேரத்துக்குள் வந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். பெரிய குழாய் அடைப்பு என்றால், தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட, தொடை வழியாக மெல்லிய குழாய் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கலாம். 'மூளைக் காப்பு மருந்து' என்று ஆய்வாளர்கள் தேடுவது இதற்கு மாற்று அல்ல. கால்சியத்தில் தொடங்கி வீக்கம் வரை போகும் அந்தச் சங்கிலியை நடுவில் அறுக்கும் மருந்தைத்தான் தேடுகிறார்கள்.

1,026 மருந்துகள், கையில் வந்தது எத்தனை?

மூலிகை என்றில்லை, எல்லா வகையிலும் தேடினார்கள். பக்கவாதத்துக்காகச் சோதித்த மருந்துகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2006-ல் எண்ணிப் பார்த்தபோது கணக்கு 1,026-ல் நின்றது. ஆய்வக விலங்குகளில் நன்றாக வேலை செய்தவை ஏராளம். மனிதர்கள் வரை வந்தவை 114. அவற்றில் மூளைக் காப்பு மருந்தாக உலகம் முழுக்க ஏற்றுக்கொண்டது ஒன்றுகூட இல்லை.

அதே காலத்தில் பெரிதாக எதிர்பார்த்த மருந்து என்.எக்ஸ்.ஒய்-059. மூலிகை அல்ல, ஆய்வகத்தில் தயாரானது. 1,700-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த முதல் பெரிய சோதனையில் பலன் இருப்பதாகத் தெரிந்தது. உறுதி செய்வதற்காக 3,300 பேரிடம் மறுபடி சோதித்தபோது பலன் காணாமல் போனது. முதல் சோதனையை மட்டும் படித்துவிட்டுச் செய்தி போட்டிருந்தால் 'பக்கவாதத்துக்குத் தீர்வு' என்றுதான் தலைப்பு வந்திருக்கும்.

எலியில் பலிப்பது மனிதரில் ஏன் பலிப்பதில்லை? ஆய்வகத்தில் வழக்கமாகச் செய்வது இது: இளம் வயது ஆரோக்கியமான எலியின் கழுத்து ரத்தக்குழாய் வழியாக நைலான் இழை ஒன்றைச் செலுத்தி மூளைக் குழாயை அடைப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து இழையை உருவுவார்கள், ரத்தம் பாயும். மருந்தை அடைப்புக்கு முன்போ, சில நிமிடங்களிலோ கொடுத்துவிடுவார்கள். நிஜத்தில் பக்கவாதம் வருபவருக்கு வயது அறுபது எழுபது, சர்க்கரை, பிரஷர், புகைப்பழக்கம் எல்லாம் இருக்கும். காலையில் எழும்போதே கை தளர்ந்திருந்தால் எப்போது அடைத்தது என்றே தெரியாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. எலி பகலில் தூங்கி இரவில் நடமாடும் பிராணி. ஆய்வகச் சோதனைகள் பெரும்பாலும் பகலில் நடக்கின்றன. மனிதர்களிடம் தோற்ற சில மருந்துகளை 2020-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலி வகைகளிடம் மறுபடி சோதித்தார்கள். பகலில் கொடுத்தபோது பலன் இருந்தது, அவை விழித்திருக்கும் இரவில் கொடுத்தபோது இல்லை.

ஆகவே 'எலிகளில் மூளைச் சேதம் குறைந்தது' என்று ஒரு மூலிகைச் செய்தி முடிந்தால், அது வரிசையில் 1,027-வது ஆள் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

செலரி விதையில் இருந்து வந்த மருந்து

இத்தனை தோல்விகளுக்கு நடுவே தனித்துத் தெரிகிறது பியூட்டைல்தாலைடு. செலரியின் விதையில் கண்டறிந்த எண்ணெய் போன்ற பொருள். மல்லி, சீரகம், சோம்பு, ஓமம் எல்லாம் இருக்கும் அதே தாவரக் குடும்பம்தான் செலரியும். மருந்தாக விற்பது விதையைப் பிழிந்த சாறு அல்ல, அதே மூலக்கூறைத் தொழிற்சாலையில் செயற்கையாகத் தயாரிக்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியாவைக் காப்பது, நுண்ணிய ரத்தக்குழாய்களில் ஓட்டத்தைக் கூட்டுவது, அழற்சியைக் குறைப்பது என்று சங்கிலியின் பல கண்ணிகளை ஒரே நேரத்தில் தொடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன.

இதன் பெரிய சோதனை முடிவு 2023-ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் நரம்பியல் இதழில் வெளியானது. சீனாவில் 59 மையங்கள், 1,216 நோயாளிகள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்து போலவே இருக்கும் போலி மருந்து. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. முதல் 2 வாரம் ஊசி வழியாகவும், பிறகு 90-வது நாள் வரை கேப்சூலாகவும் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் பாதிப்பு எவ்வளவு கடுமை என்பதைப் பொறுத்து, நல்ல தேர்ச்சி என்றால் என்ன என்று முன்பே அளவுகோல் வைத்திருந்தார்கள். 90 நாள் முடிவில் மருந்து பெற்றவர்களில் 56.7 சதவீதம் பேர் அந்த அளவைத் தொட்டார்கள். போலி மருந்து பெற்றவர்களில் 44 சதவீதம் பேர்.

அதாவது 100 பேருக்குக் கொடுத்தால் கூடுதலாகச் சுமார் 13 பேர் நன்றாகத் தேறினார்கள். இந்தத் துறையில் இது பெரிய எண்.

ஆனால் அந்த 1,216 பேரும் யார்? பக்கவாதம் வந்த 6 மணி நேரத்துக்குள் சோதனையில் சேர்ந்தவர்கள். எல்லோருக்கும் கட்டியைக் கரைக்கும் ஊசியோ, கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சையோ நடந்திருந்தது. தாவரத்தில் பிறந்த இந்த மருந்து, ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு மேல் வைத்த கூடுதல் உதவியாகத்தான் ஜெயித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இதை மட்டும் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சோதிக்கவில்லை, சோதிக்க எந்த நெறிமுறைக் குழுவும் விடாது.

இன்னொரு குறை, சோதனை முழுக்க ஒரே நாட்டில் நடந்தது. பிற நாட்டு மக்களிடமும் இதே பலன் கிடைக்குமா என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. பக்கவாதத்துக்கு இதை அனுமதிக்கவில்லை. செலரித் தண்டை ஜூஸ் போட்டுக் குடித்தால் இந்தப் பலன் வரும் என்று நினைக்கவும் வழியில்லை.

ஜின்கோவும் கற்பூர வாசனையும்

ஜின்கோ மரத்தின் இலையில் இருந்து பிரித்த ஜின்கோலைடுகளை வைத்து நடந்த சோதனை இன்னும் பெரியது. சீனாவில் 100 மையங்களில், 48 மணி நேரத்துக்குள் வந்த 3,400-க்கும் மேற்பட்டவர்களுக்கு 14 நாள் ஊசி வழியாகக் கொடுத்தார்கள். 90-வது நாளில் கிட்டத்தட்டக் குறைபாடே இல்லாமல் தேறியவர்கள் மருந்துக் குழுவில் 50.4 சதவீதம், போலி மருந்துக் குழுவில் 44.1 சதவீதம். இதுவும் 2023-ல் வெளியான முடிவு. ஜின்கோ என்ற பெயரில் கடைகளில் கிடைக்கும் ஞாபகசக்தி மாத்திரைகளுக்கும் இந்த ஊசிக்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை.

அடுத்தது டெக்ஸ்போர்னியால். போர்னியால் என்பது கற்பூரத்துக்கு நெருங்கிய உறவு, போர்னியோ தீவில் வளரும் மரத்தால் வந்த பெயர். ஜப்பானில் 2001-ல் பக்கவாதத்துக்கு அனுமதி பெற்ற எடாராவோன் என்ற செயற்கை மருந்தோடு இதைச் சேர்த்தார்கள். எடாராவோன் மட்டும் பெற்றவர்களில் 58.97 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள், இரண்டும் சேர்ந்த ஊசி பெற்றவர்களில் 67.18 சதவீதம் பேர். 1,165 பேரிடம் நடந்த சோதனை இது. சீனா 2020-ல் இதற்கு அனுமதி கொடுத்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் கற்பூரத்தை வாயில் போட்டுவிடக் கூடாது. சாமிக்கு ஏற்றும் கற்பூரம் வேறு பொருள். உள்ளே போனால் வலிப்பு வரும், சிறு குழந்தைகளுக்குக் கொஞ்சமே போதும்.

கலவைகள் என்ன ஆயின?

மேலே சொன்ன மூன்றும் தனியாகப் பிரித்து, அளவு பார்த்து, சுத்தப்படுத்திய வேதிப்பொருட்கள். பல மூலிகைகளைச் சேர்த்த பாரம்பரியக் கலவைகளையும் சோதித்திருக்கிறார்கள்.

'நியூரோஎய்ட்' என்ற சீன மருந்தில் 9 மூலிகைப் பொருட்களும் 5 விலங்குப் பொருட்களும் இருந்தன. சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, மலேசியா, ஹாங்காங் ஆகியவற்றோடு இலங்கையிலும் சேர்த்து 1,100 பேரிடம் சோதனை நடந்தது. 2013-ல் முடிவு வந்தபோது, 3 மாதம் கழித்து மருந்துக் குழுவுக்கும் போலி மருந்துக் குழுவுக்கும் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

மூளைக்குள் ரத்தக் கசிவு வந்தவர்களுக்காக 'சோங்ஃபெங் ஷிங்நாவ்' என்ற மூலிகைக் கலவையை 26 சீன மருத்துவமனைகளில் 1,600-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். 2024-ல் 'லான்செட்' இதழில் வெளியான முடிவு: இரண்டு குழுவுக்கும் ஒரே பலன், அதாவது மருந்தால் பலன் இல்லை. சீனாவில் பல காலமாகக் கொடுத்துவந்த மருந்து இது. அதன் மேல் நம்பிக்கை வைத்தவர்களே அதைக் கடுமையான சோதனைக்கு விட்டு, தோற்றதையும் ஒளிக்காமல் வெளியிட்டார்கள் என்பது பாராட்டத்தக்கது. நம்ம ஊரில் விளம்பரம் செய்யும் பக்கவாத லேகியங்களில் எத்தனை இப்படி ஒரு சோதனைக்குத் துணியும்?

மஞ்சள், வல்லாரை நிலை என்ன?

மஞ்சளில் இருக்கும் குர்குமின் எலிகளில் மூளைச் சேதத்தைக் குறைப்பதாகப் பல ஆய்வுகள் உண்டு. பிரச்னை என்னவென்றால், குடலில் இருந்து ரத்தத்துக்குள் அது போவதே இல்லை எனும் அளவுக்குக் குறைவு. போனதும் கல்லீரல் உடனே வெளியேற்றிவிடும். மிளகில் இருக்கும் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தால் உடல் ஏற்கும் அளவு 20 மடங்கு கூடுகிறது என்று பெங்களூரு மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆய்வாளர்கள் 1998-ல் கண்டார்கள். 'மஞ்சளோடு மிளகு' யோசனைக்கு அறிவியல் முலாம் பூசியது அந்த ஆய்வுதான். ஆனால் கிட்டத்தட்டப் பூஜ்யமாக இருப்பதை 20 மடங்காக்கினாலும் பெரிதாக ஒன்றும் வருவதில்லை. குர்குமின் பற்றிய 120-க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகளைக் கருத்தில் கொண்டு 2017-ல் வேதியியலாளர்கள் எழுதிய கட்டுரை, போலி மருந்தோடு முறையாக ஒப்பிட்ட ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்றது.

வல்லாரையில் இருக்கும் ஆசியாட்டிக் அமிலம் சுண்டெலிகளில் சேதத்தைக் குறைத்ததாக 2009-ல் ஓர் ஆய்வு வந்தது. பியூட்டைல்தாலைடு அளவுக்குப் பெரிய மனிதச் சோதனையை அது பார்க்கவில்லை. வல்லாரையைத் துவையல் அரைத்துச் சாப்பிடுவதில் தப்பே இல்லை. மருந்து என்று பெயர் சூட்டத்தான் ஆதாரம் போதவில்லை.

பக்கவாதத்தை நிஜமாகவே தடுத்த ஓர் இந்திய மூலிகை உண்டு, அதைப் பற்றி வாட்ஸ்அப்பில் யாரும் பேசுவதில்லை: சர்ப்பகந்தா. அதன் வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதாக பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952-ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அதில் இருந்து ரிசர்பைனைப் பிரித்தார்கள். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரிடம் நடந்து 1970-ல் முடிவு வெளியான சோதனையில் கொடுத்த 3 மருந்துகளில் ரிசர்பைனும் ஒன்று. 380 பேரில், மருந்து பெறாத பாதியில் 20 பேருக்குப் பக்கவாதம் வந்தது, பெற்ற பாதியில் 5 பேருக்கு. மன அழுத்தம் போன்ற பக்க விளைவுகளால் ரிசர்பைன் இன்று ஓரங்கட்டப்பட்டுவிட்டது, அதைவிட நல்ல பிரஷர் மாத்திரைகள் வந்துவிட்டன. அந்த மூலிகை மூளைச் செல்லைத் தொடவே இல்லை. பிரஷரைக் குறைத்தது, அவ்வளவுதான்.

அந்த முதல் சில மணி நேரத்தில் கஷாயம் கொடுத்தால்?

மூன்று விதமான ஆபத்து. முதலாவது, பக்கவாதம் வந்த பலருக்கு விழுங்கும் திறன் போயிருக்கும். பார்ப்பதற்குத் தெரியாது. வாயில் ஊற்றும் கஷாயமோ, ஏன் வெறும் தண்ணீரோகூட, நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாக மாறலாம். மருத்துவமனைகளில் விழுங்கும் திறனைச் சோதித்த பிறகே வாய்வழி எதையும் கொடுப்பது இதனால்தான்.

இரண்டாவது, அடைப்பா கசிவா என்பதை சி.டி. ஸ்கேன் எடுக்காமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நாடி பார்த்தும் முடியாது, அனுபவமுள்ள நரம்பியல் டாக்டராலும் முடியாது. ரத்தத்தை இளக்கும் தன்மையுள்ள எதையாவது கொடுத்து, வந்திருப்பது கசிவாக இருந்துவிட்டால் நிலைமை மோசமாகும். வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வதற்கும் இதுவே காரணம்.

மூன்றாவது நேரம். வைத்தியரைத் தேடி, பச்சிலை பறித்து, அரைத்து, கொடுத்து, பலன் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினால் நான்கரை மணி நேரம் போயிருக்கும். விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் சரியாகும் என்று சுற்றும் செய்தியும் இதே ரகம்.

அறிகுறி தெரிந்தால் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும், டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு மூலிகை எடுக்கலாமா?

ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற மாத்திரைகளோடு வீட்டுக்கு வருபவர்கள்தான் அதிகம். ஜின்கோ, பூண்டுக் கேப்சூல், அதிக அளவு குர்குமின் ஆகியவை இவற்றோடு சேர்ந்தால் ரத்தப்போக்கு அபாயம் கூடலாம். ஜின்செங் வார்ஃபரினின் வேலையைக் குறைத்துவிடக் கூடும். சமையலில் போடும் மஞ்சளையும் பூண்டையும் நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. கேப்சூல், சூரணம், லேகியம் என்று தனியாக எடுத்தால்தான் கவனம் தேவை.

மூலிகை என்றால் பக்க விளைவு இல்லை என்ற நம்பிக்கையையும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைப் பரிசோதித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், 14-ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது.

சித்தா, ஆயுர்வேத மருந்து ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் அந்த டப்பாவையோ கவரையோ அடுத்த செக்கப்புக்கு எடுத்துப்போய்க் காட்டலாம். திட்டுவாரோ என்று பயந்து மறைப்பவர்கள் அதிகம். அறுவை சிகிச்சைக்கோ பல் பிடுங்குவதற்கோ முன்பு மறைத்தால் ரத்தம் நிற்காமல் போகும் நேரத்தில்தான் விஷயம் வெளியே வரும்.